கேன் நிறையவில்லை

என் கிட்னி கெட்டுப்போய்விட்டதோ என்று போன மழைக்காலத்தில் சில நாள் பயந்து கிடந்தேன். பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் போகிற மூத்திரத்தை அதில் பிடித்துவரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் குடித்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதவும் வேண்டும்.

எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுக்கெல்லாம் கடைசியில் கக்கூஸ் இருக்கிறது. போகிற வழியில் என் நாத்தனார் வீடு. கேனைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன்.

"என்னா மதினி, பால் வெட்டப் போறீங்களா?" என்று வாசலிலிருந்து கத்தினாள்.

தாளில் எழுத அதிகம் இல்லை. காலையில் ஒரு கோப்பை சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேயிலைத் தண்ணிதான், மத்தியானம் ஒரு கோப்பை. முப்பது வருடம் ரப்பர் மலையில் பால் வெட்டினவள் நான். மலையில் ஒதுங்க இடம் கிடையாது. பக்கத்து வரிசையில் ஆம்பிளைகள், புதருக்குள் போனால் அட்டை கடிக்கும். வாளியை இறக்கி வைக்கும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிவிட்டேன். வேலை விட்டுப் போனது, பழக்கம் போகவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் கேனின் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. நல்ல சாயத்தண்ணி நிறம். கேனிலோ மேலே வரைக்கும் அளவுக் கோடு போட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் பால் குறைந்தால் கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஏசுவார். அதற்குப் பயந்து ஓடைத் தண்ணீரைக் கொஞ்சம் வாளியில் கலந்துவிடுவோம். அவரும் ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்க விட்டுக் கண்டுபிடித்து, அதற்கும் ஏசுவார். என் கை தானாகவே செம்பை எடுத்தது. மேல் கோடு வரைக்கும் ஊற்றினேன். கொதித்தாறிய தண்ணீர்தான், சுத்தமானது.

ரிப்போட் வந்த அன்றைக்கு நாத்தனாரும் துணைக்கு வந்தாள். டொக்டர் சின்னப் பெண். சிங்களத்தில்தான் பேசினார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். வெட்கம் வந்தால்தான் தமிழும் வராது.

"அம்மா, நீங்க குடிச்சது ரெண்டு கோப்பை. வெளியே வந்தது ரெண்டு லீட்டர். மிச்சம் எங்கேருந்து வந்துச்சு?"

"வயித்துக்குள்ள மலைப் பீலித் தண்ணி ஓடுதோ என்னமோ," என்றாள் நாத்தனார்.

டொக்டர் சிரிக்கவில்லை. "உடம்புல தண்ணி குறைஞ்சா, விடாம பிடிச்சு வைன்னு மூளை கிட்னிக்குச் சொல்லும். கிட்னி தண்ணியைத் திரும்ப ரத்தத்துல சேர்த்துட்டு, கழிவைக் கெட்டியா, கொஞ்சமா அனுப்பும். நிறையக் குடிச்சா மிச்சத்தைத் தண்ணியா விட்டுடும். உங்களுக்குக் குடிக்காமலே தண்ணியா போகுது. பிடிச்சு வைக்கிற சக்தி போயிருச்சு போல. வார்டுல தங்கணும்."

சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"ஐயோ மதினி! எங்கண்ணன் போன எடத்துக்கே போகப்போறீங்களா!" நாத்தனார் ஒப்பாரியே வைத்துவிட்டாள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பேனா தாளில் ஓட ஆரம்பித்தது.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நான்தான் ஊத்தினேன்."

"எதை?"

"செம்புத் தண்ணியை. கேன் நிறையலைன்னு."

கதவோரம் நின்ற நர்ஸ் மிஸ்ஸிதான் முதலில் சிரித்தார். டொக்டர் பேனாவை வைத்துவிட்டு நெற்றியில் கை வைத்தார். "எங்க அப்பாவும் பால் வெட்டினவர்தான். அவரும் தண்ணி ஊத்துவார். ஆனா இதுலயுமா, அம்மா?"

நாத்தனாரின் அழுகை சட்டென்று நின்றது. "கணக்கப்பிள்ளைய ஏமாத்தினது பத்தாதா ஒங்களுக்கு? எங்கண்ணீரத் திருப்பிக் குடுங்க!"

இன்னொரு கேன் கொடுத்தார்கள். இந்தத் தடவை செம்பை அலுமாரிக்குள் பூட்டி வைத்தேன். அடியில் கிடந்த கொஞ்சத்தையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த ரிப்போட் வந்ததும் டொக்டர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒங்க கிட்னி நல்லா இருக்கு. கெடைச்ச தண்ணியை எவ்வளவு கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கு பாருங்க! நீங்கதான் அதைப் போட்டு வதைக்கிறீங்க. இனிமே ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை தண்ணி குடிக்கணும்."

குறைவாகக் கொண்டுபோய் நான் பாராட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

இப்போது எட்டுக் கோப்பை குடிக்கிறேன். அதனால் நாத்தனார் வாசலைப் பலமுறை கடக்க வேண்டியிருக்கிறது. அவள் விடுவதில்லை.

"மதினி, இது அஞ்சாவது நடை. குடிச்சது எத்தனை? கணக்கு ஒதைக்குதே!"