பிரகலாதன் பார்த்துவிட்டுப் போன வான்

அச்சுவேலியில் உதயகலா அக்காவின் டொல்பின் வானைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு பக்கக் கதவு வெள்ளை, மற்றப் பக்கம் ஏதோ ஒரு நீலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் அதில் போய்வந்தார்கள். என் மகள் சாருஜாவும் ஒருத்தி.

அக்காவின் கணவர் செல்வரட்ணம் ஓட்டிய வான் அது. ஒன்பது வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து அவருக்கு இடது கை விழுந்துவிட்டது. வானை விற்றுவிடு என்று ஊரே புத்தி சொன்னது. பொம்பிளை வான் ஓட்டுவதா என்று வாயைப் பிளந்தவர்களில் பாதிப்பேர், பிறகு சத்தம் போடாமல் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அதிலேயே ஏற்றினார்கள். எங்கள் ஊர் அப்படித்தான். ஆனால் தொடக்கத்திலேயே, "நீ ஓடு பிள்ளை, எஞ்சின் என்ரை பொறுப்பு" என்று சொன்னவர் ஒரே ஒருவர். அக்காவின் சொந்த அண்ணன் பிரகலாதன். சந்தியில் கராஜ் வைத்திருக்கிறார். அவரைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால், அன்று முழுக்க அக்கா அவர்களோடு கதைக்கமாட்டார்.

இந்த வருடம் பிரகலாதனின் மகன் கஜீபன் ஏசி போட்ட வான் ஒன்று வாங்கினான். வாங்கிய வானுக்கு ஓட்டம் கிடைக்கவில்லை. "உன்ரை பள்ளிக்கூடப் பிள்ளையளை அவனிட்டைக் குடன்" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். "அப்ப நான் என்ன செய்யிறது அண்ணை?" என்று அக்கா சிரித்தாராம். அவரும் சிரித்தாராம். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று அக்கா நினைத்துவிட்டார்.

பிறகு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு நாளுக்காகப் பிள்ளைகள் இரண்டு வருடம் ரியூசனில் கிடந்து தேய்கிறார்கள். மற்ற நாளில் வான் பிந்தினால் நாங்கள் முணுமுணுப்போம். அன்று பிந்தினால் மன்னிக்கவே மாட்டோம். அக்காவின் வானில் ஏழு பிள்ளைகள் சோதனைக்குப் போக இருந்தார்கள். முதல்நாள் பின்னேரம் பிரகலாதன் கேட்காமலே வந்தார். முன்சீட்டைத் தூக்கி, அதன் கீழே இருக்கும் எஞ்சினை அரை மணித்தியாலம் பார்த்தார். எல்லாம் சரி என்று சொல்லி, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா சாவியைத் திருப்பினார். எஞ்சின் நன்றாகச் சுற்றியது, ஆனால் ஸ்ரார்ட் எடுக்கவில்லை. இரண்டாம் தரமும் அப்படியே. இப்படிச் சுற்றுகிறது என்றால் பற்றரியில் குறையில்லை. டீசல் அரைத் தாங்கிக்கு மேல் இருந்தது. பில்டரின் கீழ் ஆணியைத் தளர்த்திப் பார்த்தார், தண்ணீர் இல்லை. காற்றுப் புகுந்திருக்குமோ என்று கைப்பம்பை அழுத்தினார், அது இறுக்கமாகவே நின்றது. பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தபடி கணவரைச் சாவி திருப்பச் சொன்னார். ஒரு பொட்டுப் புகைகூட வரவில்லை. அப்படியென்றால் எஞ்சினுக்குள் டீசல் போகவே இல்லை. நேரம் ஆறே முக்காலாகிவிட்டது. அண்ணனைக் கூப்பிடுவோம் என்று அக்கா போனைக் கையில் எடுத்தபோதுதான் என் அழைப்பு வந்தது.

"அக்கா, சாருஜா ஏறிட்டாள். கஜீபனை அனுப்பினது நல்லதாப் போச்சு. வானுக்கு என்ன நடந்தது?"

"கஜீபன் வந்தவனோ? என்ன சொன்னவன்?" என்று கேட்டார்.

"மாமியின்ரை வான் ஸ்ரார்ட் எடுக்கேல்லையாம், மாமிதான் அனுப்பினவவாம்."

"நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே தங்கச்சி" என்றார் அக்கா. போன் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் அண்ணனைக் கூப்பிடவில்லை. சாவியைப் பாதி திருப்பிக் காதைக் கொடுத்துக் கேட்டார். டீசல் போகிற வழியைத் திறந்துவிட, பம்பின் மேலுள்ள சின்ன வால்வு அந்த நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அது வரவில்லை. கையை விட்டுத் தடவினார். வால்வுக்குப் போகிற வயர் கழற்றப்பட்டு, குழாய் ஒன்றின் கீழே செருகப்பட்டிருந்தது. வெறுமனே கழற்றப்படவில்லை. நுனி எங்கேயும் முட்டி எரிந்துவிடாதபடி கறுப்பு டேப் சுற்றி, பிறகு உரிக்கிறவருக்கு நகம் நோகாமல் டேப்பின் முனையும் மடித்து விடப்பட்டிருந்தது. அச்சுவேலியில் அப்படிச் சுற்றுகிறவர் ஒரே ஒருவர்தான்.

வயரைப் பூட்டியதும் வான் முதல் திருப்பிலேயே உறுமியது. ஏதாவது உடைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார் அக்கா என்னிடம் பிறகு.

மத்தியானம் சோதனை மண்டப வாசலில் பெற்றோர் எல்லோரும் நின்றோம். காலையில் ஏழு பிள்ளைகளையும் கஜீபனே கொண்டுவந்து விட்டதால், அக்கா வெறும் வானோடு வந்து, என்னை ஓரமாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். "வெளியிலை விடாதை தங்கச்சி, என்ரை கூடப்பிறந்தவர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையாட்டினேன்.

கஜீபனின் வானிலிருந்து பிரகலாதன் இறங்கினார். எங்களைப் பார்த்து, மிகவும் கவலைப்படுகிறவர் போல, "பழைய வான், நம்பேலாது. நான் இவளுக்கு எத்தினை தரம் சொல்லிப்போட்டன். இனிக் கஜீபன் வருவான், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார். நாலைந்து பேர் ஓம் ஓம் என்றார்கள்.

அக்கா நேரே அவர் முன்னால் போய்ச் சாவியை நீட்டினார். "அண்ணை, ஒருக்கா ஸ்ரார்ட் எடுத்துக் காட்டுங்கோ."

"இப்ப என்னத்துக்கு?"

"எடுங்கோ."

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றதால் அவர் ஏற வேண்டியதாயிற்று. தொட்டதும் எடுத்தது.

"இப்ப எடுக்குது..." என்று இழுத்தார்.

"காலமையும் எடுத்திருக்கும்" என்றார் அக்கா. "வயர் அதின்ரை இடத்திலை இருந்திருந்தால்."

பிரகலாதன் யாருடைய முகத்தையும் பார்க்காமல் இறங்கினார். "வானுக்கு ஒரு சேதமும் வராமல்தானே செய்தனான்" என்று மெதுவாகச் சொன்னார். அது எல்லோருக்கும் கேட்டது.

கேட்டும் என்ன? வெயிலில் காத்து நின்ற நாலு பேர் தங்கள் பிள்ளைகளை ஏசி வானிலேயே ஏற்றினார்கள். ஊரைத் திட்டுவதற்கு எனக்கும் வாயில்லை. காலையில் அக்காவை ஒரு சொல் கேட்காமல் பிள்ளையை ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகு போன் எடுத்தவள்தானே நான். சாருஜாவோடு நான் பழைய வானின் முன்சீட்டில் ஏறினேன். பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

அக்கா கியரைப் போடாமல் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"வயரைக் கழட்டினதை ஒரு நாளைக்கு மறந்திடுவன் தங்கச்சி" என்றார். "நேற்றுச் சாப்பிட்டு எழும்பிப் போகேக்கை என்ரை தலையைத் தடவினவர். நாளைக்கு ஒண்டுக்கும் பயப்பிடாமல் போயிட்டு வா பிள்ளை எண்டவர். அப்ப அந்த வயர் கழட்டித்தானே கிடந்தது."

பிறகுதான் கியரைப் போட்டார். பின்னாலிருந்த பிள்ளைகள் வினாத்தாளைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.