வெயில் திண்ட முகம்

நானும் மச்சாளும் மாசத்துக்கு ஒருக்கா சீனி வருத்தக் கிளினிக்குக்கு, அதுதான் நீரிழிவுக்கு மருந்தெடுக்கப் போறனாங்கள். மச்சாள் எண்டால் என்ரை மனிசன்ரை தங்கச்சி. என்னிலும் மூண்டு வயசு இளமை. முகத்தைப் பாத்தால் ஒருத்தரும் நம்பாயினம், அவ்வளவு சுருக்கம். நான் இண்டைக்கும் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பவுடர் போடுற ஆள்.

ஒருநாள் புதுசா வந்த நேர்ஸ் பிள்ளை என்னை "அம்மா" எண்டாள், அவளைக் கிழவியளைக் கூப்பிடுற மாதிரி "ஆச்சி" எண்டாள். நான் விடுவனோ? "ஓம் பிள்ளை, உவ எங்கடை ஆச்சிதான். மெல்லமாப் பிடிச்சு இருத்துங்கோ" எண்டன். சனமெல்லாம் சிரிச்சுது. மச்சாளும் சிரிச்சாள். மச்சாளை மச்சாள் பகிடி பண்ணாமல் வேறை ஆர் பண்ணுறது? அதோடை நிப்பாட்டியிருக்கலாம். எங்கடை ஒழுங்கையிலை வீடு வீடாச் சொல்லித் திரிஞ்சன். கடைசியிலை மீன்காரரும் அவளை "ஆச்சி" எண்டு கூப்பிடத் தொடங்கிட்டார்.

அடுத்த மாசம் அவள் கிளினிக்குக்கு வரேல்லை, தலையிடியாம். அதுக்கடுத்த மாசமும் இல்லை. அவளின்ரை மருந்துக் குளிசை முடிஞ்சிருக்கும் எண்டு எனக்குத் தெரியும்.

தனியப் போன நான் நேர்ஸ் பிள்ளையைக் கேட்டன்: "அவள் என்னிலும் இளமை. ஏன் பிள்ளை தோல் அப்பிடிச் சுருங்கினது?"

வயசு போகப் போகத் தோலை இழுத்துப் பிடிக்கிற சத்துக் குறையுமாம். தோல் மெலிஞ்சு காயுமாம். வெயில் கூடப் பட்டால் அது கெதியா நடக்குமாம். "அவ தோட்டத்திலை நிண்டவவோ அம்மா?" எண்டாள்.

நிண்டவள்தான், எங்கடை வெங்காயத் தோட்டத்திலை. நான் பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கை, "மச்சாள், நீங்கள் வெயிலுக்கை இறங்காதேங்கோ" எண்டு என்ரை பங்குப் புல்லையும் பிடுங்கினவள். பிள்ளை பிறந்து நடந்தாப் பிறகும் இடுப்பு நோ எண்டு பொய் சொல்லி வருசக்கணக்கா வீட்டுக்கை இருந்தனான் நான்.

நேரை அவள் வீட்டை போனன். உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டாள். சட்டைக் கை மேலை ஏறி, வெயில் படாத தோல் தெரிஞ்சுது. குமர்ப்பிள்ளையின்ரை மாதிரி.

"மச்சாள், அந்த நாளையிலை என்ரை இடுப்புக்கு ஒண்டுமில்லை" எண்டன்.

"தெரியும்" எண்டாள், நிமிராமல். "நீங்கள் ரெண்டு வாளி தண்ணி தூக்கினதைக் கண்டனான்."

"நாளைக்கும் கிளினிக் இருக்கு, மருந்தெடுக்க வா" எண்டு கெஞ்சினன்.

வந்தாள். பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை இடம் கிடந்தது. அவள் முன் சீற்றிலை போய் இருந்தாள்.