கொடுக்கிற கை

மதியம் இரண்டரை மணி. முதல் ஷிப்ட் முடிந்து வெளியே வந்து வண்டியை எடுக்கப் போனபோது, கேட்டில் இருந்த செக்யூரிட்டி கைதட்டிக் கூப்பிட்டார்.

"சார், உங்களத் தேடி ஒரு ஆள் வந்தாரு. நேபாளமாம். நம்மகிட்ட முன்னாடி கூர்கா ஒருத்தன் இருந்தான்ல, அவன் பையன் இப்ப யார் வீட்ல இருக்கான்னு கேட்டாரு. உங்க அட்ரஸ எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன்."

ஓர் உதவி செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. எப்போது வந்தார் என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் இருக்கும் சார். நல்ல மனுசனாத்தான் தெரிஞ்சுது." இப்போதும் என் முதுகுக்குப் பின்னால் யாராவது கைதட்டினால் நின்றுவிடுகிறேன்.

அங்கேயே நின்று மனைவிக்குப் போன் செய்தேன். யார் வந்தாலும் கதவைத் திறக்காதே என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். உடனே இணைப்பு அறுந்துவிட்டது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் தெற்கிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவன். மனைவிக்கு ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அந்தக் கூர்காவுக்குத் தொழிற்சாலைச் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை கொடுத்திருந்தார்கள். பையன் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அவன் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பின் அவனுக்கு டூட்டி இருக்கும் நேரமெல்லாம் பையன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். டூட்டி முடிந்தும், தான் தூங்குவதற்காகப் பையனை எங்களிடமே விட்டுவைப்பான். ஒரு கோடையில், ஊருக்குப் போய் வருகிறேன், ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவு தூர ரயில் பயணம் பையனுக்கு ஆகாது என்று நாங்கள்தான் அவனை வைத்துக்கொண்டோம். முதலில் தொழிற்சாலை கேட்டுக்கு அவனிடமிருந்து போன் வந்தது. பிறகு நின்றுவிட்டது. தொழிற்சாலையில் அவன் கொடுத்திருந்த விலாசத்துக்கு எழுதினோம், பதில் இல்லை.

மூன்று வருடங்கள் போயின. பையன் என்னை அப்பா என்றும் அவளை அம்மா என்றும் கூப்பிட்டான். தெருவில் தெலுங்கு கற்றுக்கொண்டான். கீழ்வீட்டு ஓனரம்மாவிடம் கன்னடத்தில் சண்டை போட்டான். பெற்ற தகப்பனின் மொழியில் மட்டும் அவனுக்கு ஒரு சொல்லும் தெரியாது.

பள்ளியில் சேர்த்த பிறகு பயம் அதிகமாகிவிட்டது. கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"நம்ம ஊர்ப் புள்ளன்னாலே ஆயிரத்தெட்டு சிக்கல் சார். இது வேற தேசத்துப் புள்ள. அதையெல்லாம்கூட அப்புறம் பாக்கலாம். தத்துன்னா என்ன? ஒருத்தர் குடுக்கணும், ஒருத்தர் வாங்கணும். வாங்கறதுக்கு இங்க நாலு கை வந்து நிக்குது. கொடுக்கிற கை எங்க?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவி அழவில்லை. "கோர்ட்டு குடுக்காட்டிப் போவுது, சாமி குடுக்கும். உங்க கொலசாமிக்கு மொட்டை போட்டுக் காது குத்திரலாம்" என்றாள். தகப்பன் வழிக் குலதெய்வத்துக்கு முடி கொடுத்துவிட்டால் பிள்ளை அந்த வகையறாவில் சேர்ந்துவிடுகிறான். அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும் என்பது அவள் கணக்கு. எனக்கும் அது சரியாகவே பட்டது. பையனின் முடி அதுவரை வெட்டப்படாமல் தோள் வரை இருந்தது. குடுமி போட்டுவிட்டால் தெருப் பிள்ளைகள் "பாப்பா, பாப்பா" என்று கேலி செய்வார்கள். சாமிக்கு என்று விட்டு வைத்திருக்கிறோம் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்தோம்.

மொட்டைக்காக என் ஊருக்குப் போனபோது பங்காளிகள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "எந்த மலையில பெறந்த புள்ளையோ, நம்ம சாமி ஏத்துக்குமா?" என்று ஒருவர் என் காதுபடவே கேட்டார். பூசாரி, "எந்த வகையறா?" என்று கேட்டபோது என் சித்தப்பா முந்திக்கொண்டு, "நம்ம வகையறாதான், பொட்டு வையி" என்றார். தாய்மாமன் மடி வேண்டுமே! மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, தக்காளி அறுப்பைப் போட்டுவிட்டு வந்து பையனை மடியில் வைத்துக்கொண்டான். கத்தி பட்டதும் பையன் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற ஆட்டுக்கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சந்தனம் பூசிய தலையோடு அவனைத் தூக்கிக்கொண்டபோது, இனி இவனை யாரும் கேட்க முடியாது என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

அது நடந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் கேட்டில் இந்தச் செய்தி.

போக்குவரத்தில் சிக்கி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. ஓனரம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா, வூட்ல ஏதாவது சண்டையா? ஸ்கூல்லருந்து புள்ளயப் பாதியிலயே கூட்டினு வந்தா. மேல போனா, எறங்கனா. ஆட்டோவ நிறுத்தி ஏறிட்டா. கேட்டா பதிலே இல்ல."

"என்ன எடுத்துட்டுப் போனா?"

"ஒண்ணும் இல்ல. புள்ளையோட தலகாணி."

அந்தத் தலையணை இல்லாமல் அவன் தூங்க மாட்டான். இன்று இரவு திரும்பி வரும் எண்ணம் அவளுக்கு இல்லை என்று புரிந்துவிட்டது. அவள் போன் அணைந்திருந்தது. மச்சானுக்கு அடித்தேன். வீட்டுக்கு யாரும் வரவில்லை என்றான். நடந்ததைச் சொன்னதும், பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றான்.

பிறகு வக்கீலைப் பிடித்தேன். நான் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கிடவில்லை.

"யோவ் சார், இத்தன நாளா கொடுக்கிற கை இல்லன்னு அழுதோம். இப்ப அந்தக் கை தானா நடந்து வருது. நீங்க புள்ளய ஒளிச்சா என்ன அர்த்தம்? கடத்தல். உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

"அவர் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா?"

"சொன்னா, அவங்க புள்ள சார்." போனை வைப்பதற்கு முன், "ஆனா வாய விட்டுக் கேட்டுப் பாருங்க" என்றார்.

மச்சானின் போன் வந்தது. "மாமா, அக்கா வந்துருச்சு. பஸ்ஸ விட்டு எறங்கமாட்டன்னு உக்காந்துனு இருந்துச்சு, கண்டக்டரு சத்தம் போட்டுத்தான் எறங்குச்சு. இந்தா, பேசு."

போன் அவள் கைக்கு மாறியது.

"அவுரு வந்து கேட்டா என்னா சொல்லுவீங்க?"

"தெரியல."

"தெரியாத மனுசன நம்பி நான் எப்படிப் புள்ளயக் கூட்டினு வர்றது?"

வக்கீல் சொன்னதைச் சொன்னேன். இன்று ஒளித்தால் இனி எப்போதும் ஒளித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னேன். பின்னால் பையனின் குரல் கேட்டது: "அப்பாவா? வண்டில முன்னாடி உக்காரணும்னு சொல்லும்மா!" அவள் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

மச்சானின் தக்காளி வண்டியில் மூன்று பேரும் வந்து இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பையன் முன் சீட்டில் வந்த பெருமையில் இருந்தான். கையில் ஒரு காய்த் தக்காளி. மனைவி நேராக உள்ளே போய்த் தலையணையைக் கட்டிலில் அதன் இடத்தில் வைத்தாள். தேடி வந்தவர் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. போய்விட்டாரோ என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். மச்சான் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "வரட்டும் மாமா. நானும் மாமன்தான்" என்றான்.

தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. முன்னால் ஓனரம்மா. "இவருதாம்ப்பா. சீட்டக் கையில வெச்சினு ரெண்டு தபா நம்ம வூட்டத் தாண்டிப் போனாரு. நான்தான் கூப்ட்டன்."

பின்னால் நின்றவர் ஒல்லியாக, கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையோடு இருந்தார். ஷூவின் கயிற்றைப் பொறுமையாக அவிழ்த்துவிட்டு உள்ளே வந்தார். பெங்களூரில் ஓட்டல் சமையலறையில் பல வருடம் இருந்தவராம், கன்னடத்தில்தான் பேசினார். எனக்கு அது புரியும். பையனைப் பெற்றவளுக்குத் தான் தம்பி என்றார்.

பையன் மச்சானின் காலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். வந்தவரின் கண் அவன் முகத்துக்குப் போகவில்லை, தலைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்றார்.

"என்ன?"

"இவன் அப்பா போனது."

அவர் ஊரில் அப்பா இறந்தால்தான் பிள்ளைக்கு இப்படி மழிப்பார்களாம். ரோடு வேலையில் மண் சரிந்து, போன மழைக்காலத்தில் போய்விட்டான் என்றார். கன்னடம் புரிந்த இன்னொருவன் அங்கே இருந்ததை நாங்கள் மறந்துவிட்டோம். பையன் ஓடிவந்து என் விரலைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் கன்னடத்திலேயே சண்டைக்குப் போனான்: "எங்கப்பா எங்கயும் போகல. இதோ இங்கதான் இருக்காரு!"

ஓனரம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இந்த மொட்டை எதுக்கு?" என்று வந்தவர் மெதுவாகக் கேட்டார். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். மச்சான் சொன்னான்: "எங்க மாமாவோட கொலசாமிக்குக் குடுத்தது. எம் மடியிலதான் உக்கார வெச்சுக் குடுத்தாங்க. தாய்மாமன் நான்." இதையும் நான் கன்னடத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் மச்சானை வெகுநேரம் பார்த்தார். கொண்டுவந்த பையைத் திறந்தார். சின்னதாக ஒரு புதுச் சட்டை, ஒரு தொப்பி, ஒரு சில்வர் தட்டு, காகிதத்தில் சுற்றிய ஒரு புதுக் கத்தரிக்கோல். மதியத்திலிருந்து கடைவீதியில் அதற்காகத்தான் சுற்றியிருக்கிறார். அவர்கள் வழக்கத்தில் பையனின் முதல் முடியைத் தாய்மாமன்தான் வெட்ட வேண்டும். தட்டில் பிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் பையன் ஊர்க் கணக்கில் ஓர் ஆள். இங்கேயே வெட்டி, புதுச் சட்டை போட்டு, ஊருக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறார்.

"கேளுங்க" என்றாள் மனைவி. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "குடுப்பாரான்னு கேளுங்க."

கேட்டேன். மூன்று வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த கேள்வி, வாயில் வந்தபோது இரண்டே சொற்களாக இருந்தது.

அவர் குனிந்து, பையனின் தலையில் உள்ளங்கையை வைத்து, பின்னிலிருந்து முன்னாக ஒருமுறை தடவினார். முளைத்திருந்த முள்முடி அவர் கையில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டதுபோல் இருந்தது. பையன் கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தான். அவர் நிமிர்ந்து, கத்தரிக்கோலைக் காகிதத்தோடு என் மனைவியின் கையில் வைத்தார்.

"இந்தத் தலையோட கூட்டிட்டுப் போனா, மாமன் இருந்தும் முடி வெட்டாத பையன்னு ஊர்ல சொல்லுவாங்க. இந்தக் கத்தரி இங்கேயே இருக்கட்டும்," என்றார். "முடி வளரட்டும். வளர்ந்ததும் நீங்களே கூப்பிடுங்க, வர்றேன்."