பொட்டு பின்பக்கம் போன கதை

பிள்ளைங்களா, போன வாரம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு கேள்வி கேட்டீங்க. பெரியவள், "எல்லார் வீட்டுலயும் ஃப்ரிட்ஜுக்கு முன்னாடி பொட்டு வைக்கிறாங்க, நம்ம வீட்டுல மட்டும் ஏம்பா எல்லா மெஷினுக்கும் முதுகுல வைக்கிறோம்?" என்று கேட்டாள். சின்னவன், "டிவி ஸ்டாண்டுக்குக் கீழ இருக்கிற அந்தப் பழைய கம்ப்யூட்டர காயலாங்கடையில போட்டா இன்னா?" என்று கேட்டான். ரெண்டுக்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொன்னால் உங்க அம்மா நடுவில் புகுந்து என்னை இன்னும் கொஞ்சம் மட்டம் தட்டுவாள். அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. காயில் கட்டி முடித்த மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, அதற்கப்புறம்தான் சுவிட்சைப் போடுவோம். பொட்டு வைக்காத மோட்டார் ஒன்றுகூட என் கையிலிருந்து வெளியே போனதில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அப்போது பெரியவள் ஏழாவது, சின்னவன் ரெண்டாவது. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள், முழுக்க ஞாபகம் இருக்காது. அம்மாவுக்குத் திண்டிவனத்தில் துணி தைக்கிற கம்பெனியில் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயந்திரம்தான் விழுப்புரம் திரும்புவாள். அந்தச் சமயத்தில் நம்ம ஊர் லோக்கல் சேனல்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல் போட்டி வைத்தார்கள். அம்மா லீவு போட்டுவிட்டுப் போய், கேப்பைக் களியும், பச்சை வேர்க்கடலை போட்டு மல்லாட்டைக் குழம்பும் செய்தாள். ரெண்டாவது பரிசு. இன்றைக்கும் நம்ம வீட்டில் விசில் அடிக்கிறதே, அந்தக் குக்கர்தான்.

பரிசு கொடுக்கும்போது மைக் பிடித்த பெண், "உங்க வீட்டுக்காரர் எப்படிங்க?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா ஏதோ பதில் சொல்லியிருக்கிறாள். மண்டபமே சிரித்துக் கை தட்டியதாம். நான் அங்கே இல்லை. கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கிணற்றில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்படி இன்னாதான் சொன்னே?"

"டிவியில போடுவாங்க. பாத்துக்கோங்க."

"இப்பவே சொன்னா இன்னா?"

"இப்ப சொன்னா கை தட்டறதுக்கு ஆளு இல்லையே."

அடுத்த சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குப் போடுவார்கள், ஒரே ஒரு தடவைதான் என்றாள். அன்றைக்கு அவளுக்கு வேலை. இன்னொரு லீவு கேட்டால் சூப்பர்வைசர் குதிப்பார். "ஊரே பாக்கும், நான் மட்டும் பாக்க முடியாது" என்று குக்கரைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் திரையில் வந்தது அதற்கு முன் எங்கள் கல்யாண வீடியோவில் மட்டும்தான். அதில் மூன்று மணி நேரமும் தலையைக் குனிந்துகொண்டே இருக்கிறாள். தெரிவது வகிடு மட்டும்.

"கவலைப்படாதே, நான் ரெக்கார்டு பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிப் பண்ணுவது என்று எனக்கு அப்போது தெரியாது.

உங்க மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்குப் போன் போட்டேன். எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மாமா. அவன் திண்டிவனத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்து மூடியவன். அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒன்று அவன் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

"மச்சான், டிவியில வர்றத கம்ப்யூட்டர்ல புடிக்கணும்."

"புடிக்கலாம் மாமா. ஆனா அது மோட்டாரு இல்ல, கம்பியச் சுத்திவிட்டா ஓடறதுக்கு."

"இன்னாடா பெருசா? அதுவும் கரண்டுலதானே ஓடுது?"

"ஆமாமா, நானும் நீங்களும்கூட சோத்துலதான் ஓடறோம்."

புதன்கிழமை சாயந்திரம் அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். டிவி கார்டு என்று ஒரு பச்சை அட்டையை அதற்குள் சொருகினான். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர். அதை மாட்டுகிற வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். முதலில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. மாற்றி மாட்டினேன், சத்தம் வந்தது, படம் வரவில்லை. இருபது வருஷமாக மோட்டாருக்கு மூன்று ஒயரையும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவன் நான். மூன்றாவது தடவை மாமா என் கையை மெதுவாக நகர்த்திவிட்டு அவனே மாட்டினான்.

கடைசியாக இன்னொரு ஒயரை எடுத்தான். அதன் நுனியில் மல்லாட்டைப் பருப்பு அளவில் ஒரு விளக்கு.

"இது எதுக்குடா?"

"கம்ப்யூட்டரு ரெக்கார்டுதான் பண்ணும் மாமா. சேனலு மாத்தறது செட்டாப் பாக்ஸு. நீங்க வீட்டுல இல்லாதப்ப யாரு ரிமோட்டு அமுக்குவா? இந்த வெளக்குதான் அமுக்கும்."

அதைப் பாக்ஸுக்கு ஒரு சாண் முன்னால் நிற்க வைத்து, மேசையோடு டேப் ஒட்டினான். வியாழக்கிழமை சோதனை. கம்ப்யூட்டரில் நேரம் குறித்துவிட்டு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். சரியாக ஆறு மணிக்கு, யாரும் தொடாமல், டிவி தானாகவே லோக்கல் சேனலுக்குப் போனது. அஞ்சு நிமிஷம் ஜவுளிக்கடை விளம்பரம் ரெக்கார்டு ஆனது. அந்த விளம்பரத்தை நாம் மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். சின்னவன் "பேய் ரிமோட்டு, பேய் ரிமோட்டு" என்று கத்திக்கொண்டு தெருவுக்கே ஓடினான். மாமா சனிக்கிழமை ரெண்டு மணியிலிருந்து நாலு மணிவரை குறித்து வைத்துவிட்டு, "இனிமே இதை யாரும் தொடாதீங்க" என்று சொல்லி பஸ் ஏறினான்.

நான் தொடவில்லை. பொட்டுதான் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம், நல்ல நாள். இவ்வளவு பெரிய வேலைக்குப் போகிற மெஷின், பொட்டு இல்லாமல் எப்படி? பாட்டு ஓடினால் நன்றாக இருக்கும் என்று டிவியில் பக்திச் சேனலை வைத்தேன். சந்தனத்தைக் குழைத்தேன். மானிட்டர் தலையில் ஒன்று, கம்ப்யூட்டர் நெற்றியில் ஒன்று. செட்டாப் பாக்ஸைப் பார்த்தேன். அதன் முகத்தில், நட்ட நடுவில், கறுப்பாகப் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஒரு சின்ன இடம். பொட்டு வைக்கவென்றே விட்டு வைத்த மாதிரி இருந்தது.

"சந்தனம் இவ்ளோ கெட்டியாவா வெப்பீங்க?" என்றாள் அம்மா.

"கெட்டியா இருந்தாதான் நிக்கும்" என்றேன். நின்றது. அதற்கு மேல் குங்குமமும் வைத்தேன். எலுமிச்சம்பழம் ஒன்றை மேலே வைத்து, டிவியை மட்டும் அணைத்தேன். மறுநாள்வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை.

சனிக்கிழமை காலையில் உங்களை அம்மாவோடு திண்டிவனத்துக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பினேன். வீட்டில் இருந்தால் கையை வைப்பீர்கள் என்ற பயம். எதிர் வீட்டு அக்கா வாசலில் நின்று, "தம்பி, ரெண்டு மணிக்கு நம்ம வூட்டுக்கு வா, சேர்ந்து பாக்கலாம்" என்று கூப்பிட்டாங்க. "இல்லக்கா, நம்ம வீட்டுல அதுவா ரெக்கார்டு ஆவுது. சாயந்திரம் எல்லாரும் சேர்ந்து பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, காணை பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து மோட்டாரைப் பார்க்கப் போனேன். அவசர வேலை ஒன்றும் இல்லை. நான் இல்லாமலே வேலை நடக்கிறது என்று நாலு பேரிடம் சொல்ல ஆசை. ரெண்டு மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இந்நேரம் எங்க வீட்டுல டிவி தானா மாறியிருக்கும்" என்று தோட்டத்துக்காரரிடம் சொன்னேன். அவர், "மோட்டாரு தானா ஓடற மாதிரி எதுனா பண்ணுப்பா" என்றார்.

சாயந்திரம் அம்மா, நீங்கள் ரெண்டு பேர், மாமா என்று நாலு பேரும் வந்தீர்கள். நான் வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வைத்திருந்தேன். அம்மா முகம் கழுவி, போட்டிக்குக் கட்டின அதே பச்சைப் புடவையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து முதல் ஆளாக மானிட்டருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

ரெக்கார்டிங்கைப் போட்டேன். திரையில் ஒரு அடுப்பு. அதன்மேல் தோசைக்கல்.

"வந்துடுச்சு!" என்று சின்னவன் குதித்தான்.

ஒரு ஆள் வந்தான். எண்ணெயே இல்லாமல் தோசை ஊற்றினான். தோசை வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. பின்னால் ஒரு பெண், "அடடே, ஒட்டவே இல்லையே!" என்றாள்.

"இது போட்டிக்கு முன்னாடி போடற விளம்பரம்" என்று நான் விளக்கம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினோம். பஜ்ஜி சாப்பிட்டோம். அந்த ஆள் ஆம்லெட் போட்டான். மீன் வறுத்தான். மறுபடியும் தோசை.

"அந்தாளு நாலாவது தோசை சுடறான்" என்றாள் அம்மா.

"இன்னும் கொஞ்சம் பொறு."

"மாமா, அக்கா எப்ப வருவாங்க? கல்லு காஞ்சிடப் போவுது" என்றான் மச்சான்.

ஓட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் தள்ளி, தோசை. ஒன்றரை மணி நேரம் தள்ளி, மீன். கடைசி நிமிஷத்திலும் அதே ஆள் கல்லைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பக்திச் சேனலில் மத்தியான நேரத்தைத் தோசைக்கல் விற்கிறவர்களுக்கு விட்டுவிடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"அம்மா, உன்னவிட அந்த மாமா நல்லா தோசை ஊத்தறாரு" என்றான் சின்னவன். பெரியவள் அவன் வாயைப் பொத்தினாள்.

மச்சான் டிவியைப் போட்டு, செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை எடுத்து அமுக்கினான். சேனல் மாறவில்லை. பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் தேய்த்துப் போட்டு அமுக்கினான். மாறவில்லை. நான் ஸ்குரூ டிரைவரைத் தேடினேன். அம்மா எழுந்து பாக்ஸ் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். முந்தானை நுனியை எடுத்து, அந்தப் பொட்டைத் துடைத்தாள். கையை நீட்டி ரிமோட்டை வாங்கி ஒரு தடவை அமுக்கினாள். மாறியது.

"மாமா," என்றான் மச்சான், "அதுதான் பாக்ஸோட கண்ணு. கண்ணுலயே சந்தனத்த அப்பி வெச்சா அது எப்படி பாக்கும்?"

அம்மா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சோறு வடிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பச்சைப் புடவையோடு அடுப்படிக்குப் போனாள். குக்கர் இருந்தும் அன்றைக்குப் பானையில்தான் வடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேனல் ஆபீஸுக்குப் போய் நின்றேன். அங்கே இருந்தவர், "காப்பி எங்க இருக்குன்னு தேடணுங்க. கெடச்சா இன்னொரு தடவ போடுவோம்" என்றார்.

"எப்போங்க?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. போட்டா, சனிக்கிழமை ரெண்டு மணிக்குத்தான்."

திரும்பும்போது எதிர் வீட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நீங்க பாத்தீங்கல்ல? என்னைப் பத்தி இன்னா சொன்னா?"

அவங்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. "அத நான் சொல்ல மாட்டேம்பா. உன் பொஞ்சாதி காலையிலயே வந்து சத்தியம் வாங்கிக்கினு போய்ட்டா. உனக்கு இன்னா, கம்ப்யூட்டர்லாம் வெச்சுக்கினு இருக்க!"

தெரு முழுக்க அப்படித்தான். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. பால்காரர்கூட என்னைப் பார்த்தால் சிரித்துக்கொண்டு பெல் அடித்தார்.

அன்றையிலிருந்துதான் நம்ம வீட்டில் எந்த மெஷினுக்கும் முகத்தில் பொட்டு கிடையாது. எங்கே கண் இருக்குமோ யாருக்குத் தெரியும்? முதுகில் கண் வைத்து எந்தக் கம்பெனியும் இதுவரை செய்யவில்லை. கடையிலும் அப்படித்தான் செய்கிறேன். முதலாளி கேட்டால், "இது எங்க குடும்ப வழக்கம்" என்று சொல்லிவிடுவேன்.

கம்ப்யூட்டர் விஷயம் என்னவென்றால், சனிக்கிழமை ரெண்டு மணி என்று அதில் குறித்ததை நான் இன்னும் அழிக்கவில்லை. வாராவாரம் அது லோக்கல் சேனலைப் பிடிக்கிறது. இதுவரை காதுகுத்து, கடை திறப்பு, இரங்கல் செய்தி, நகைக்கடை விளம்பரம் எல்லாம் வந்திருக்கிறது. அம்மா இன்னும் வரவில்லை. ஹார்டு டிஸ்க் நிறைந்தால் பழசை அழித்து இடம் பண்ணுவேன். அந்தத் தோசைக்கல்காரனை மட்டும் அழிக்கவில்லை. அவன் இருக்கட்டும், எனக்குப் புத்தி வர.

போன மாதம்கூடக் கேட்டுப் பார்த்தேன். "இத்தினி வருஷம் ஆச்சு, இப்பவாவது சொல்லேன்."

"டிவியில பாத்துக்கோங்க" என்றாள்.

ஆனால் ஒன்று, உங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை அவள் வீட்டில் இருந்தால், மத்தியானம் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, முந்தானை நுனியால் அந்தப் பாக்ஸின் கண்ணை ஒரு துடை துடைத்துவிட்டுப் போவாள்.

அதனால் சின்னவனே, அந்தப் பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இன்றைக்கும் சனிக்கிழமைதான். மணி ஒன்று அம்பது ஆகிறது. ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எழுந்து போகிறேன்.