உருண்டைக்காரன் மடி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் பூமியின் வடிவத்தைப் பற்றி எழுதலாமா? கூடாதுதான். மன்னித்துவிடுங்கள். ஆனால் போன வாரம் அந்த விஷயம் என் மடி வரைக்கும் வந்துவிட்டது... வேறு வழியில்லை.

தங்கை மகனுக்குக் காது குத்து. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். முதல் நாளே திண்டிவனத்தில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் மாறி, தங்கை ஊரான காணைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

டீ ஆறுவதற்குள் தங்கை வீட்டுக்காரர் போனை நீட்டினார். ஏதோ வீடியோ. பூமி தட்டையாம்.

“நீயே சொல்லு மச்சான். கழனில பரம்பு ஓட்டி சேத்த மட்டம் பண்றோம். தண்ணி கட்டுறோம். எங்கனா வளைஞ்சிக்கினு நிக்குதா? உருண்டைன்னா ஒரு பக்கமா வழிஞ்சி ஓடாது?”

சும்மா தலையாட்டியிருக்கலாம். நாலு பேர் கூடினால் வாயே திறக்காத எனக்கு, அன்றைக்கென்று எங்கிருந்துதான் வந்ததோ!

“ஸ்கூல்ல உருண்டைன்னுதாங்க மாப்பிள சொல்லிக் குடுத்தாங்க” என்றேன்.

“அப்போ நான் பொய் சொல்றனா?”

“அப்படி இல்லீங்க...”

“உருண்டைக்காரன் மடில எம்புள்ள உக்கார மாட்டான். சொல்லிட்டேன்!”

பந்தல் போட வந்தவர்கள்கூடக் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். சீர்த்தட்டோடு வந்த தாய்மாமன் அப்படியே ஊர் திரும்புவதா? பூமியா, மடியா?

“தட்டையாவே இருக்கட்டுங்க மாப்பிள” என்றேன்.

“எனக்கு பயந்துக்கினு ஒண்ணும் சொல்ல வேணாம்!”

பாருங்கள்... உண்மை சொன்னாலும் குற்றம், விட்டுக்கொடுத்தாலும் குற்றம். நான் முந்திக்கொண்டு தட்டை என்றிருந்தால், அவர் உருண்டைக்கு வீடியோ தேடியிருப்பார். பெண் கொடுத்த வீட்டுக்காரனிடம் தோற்கக் கூடாது — அவ்வளவுதான். பூமி பாவம், அதன் பாட்டுக்குக் கிடக்கிறது.

அடுப்படியிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, போன போகம் பரம்பு ஓட்டிட்டு நல்லா மட்டமா கீதுன்னு சொன்னீங்களே... கெழக்கால மேட்டுல தண்ணி ஏறாம நட்ட நாத்து காஞ்சி போச்சே, மறந்துட்டீங்களா? முக்கா காணி நெலத்துக்கே மட்டம் பாக்கத் தெரியல. ஒலகத்துக்கு மட்டம் பாக்குறீங்களா?”

பந்தல்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள். மாப்பிள்ளை போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கழனிப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை காது குத்தினார்கள். பையன் என் மடியில் உட்கார்ந்து அழுதான். மாப்பிள்ளை வீடியோ எடுத்தார்.