வாசலில் தொங்கிய ஆப்பிரிக்க முகம்

பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுப்பதில் கத்தரிக்கோலால் ஆபத்தில்லை. செய்ததை வீட்டுக்குக் கொண்டு போன பிறகுதான் ஆபத்து. இந்தப் பிழைப்பில் மாட்டியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடியின் கீழ் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பு. இந்த முறை ஆப்பிரிக்க முகமூடி.

முட்டைத் தட்டு

வீட்டில் வீணாகக் கிடப்பதைக் கொண்டு வாருங்கள் என்றேன். அட்டைப்பெட்டி, பொட்டலம் கட்டுகிற ராஃபியா நார்க்கயிறு, பழைய பேப்பர். எட்டு வயது கவிதா முட்டைத் தட்டோடு வந்தாள். கன்னமேடு வைக்க அருமையான பொருள். ஆனால் புத்தம் புதுசு. எனக்குச் சுருக்கென்றது. முட்டை எங்கே என்றேன்.

"அம்மா ஹேண்ட்பேக்குல பத்திரமா வச்சிட்டேன் சார்."

எலுமிச்சை, மிளகாய்

முகம் நன்றாக வந்தது. கீறல் கண், நீள மூக்கு, ராஃபியா தாடி. மேற்கு ஆப்பிரிக்காவில் பல ஊர்களில் இப்படி முகம் போட்டுக்கொண்டு விழாவில் ஆடுவார்கள், பேயில்லை என்று படம் காட்டிச் சொல்லியிருந்தேன்.

மறுவாரம் ஏழாம் மாடிக்குப் போனேன். கவிதா வீட்டுக் கம்பிக்கதவுக்கு மேல் அது தொங்குகிறது! நெற்றியில் குங்குமம். பக்கத்தில் எலுமிச்சை, மிளகாய். ஆட வேண்டிய முகத்தைத் திருஷ்டி பொம்மையாக்கிவிட்டாயே அம்மா என்றேன். கவிதாவின் அம்மா லெட்சுமி அசரவில்லை.

"கடையில விக்கிறது பிளாஸ்டிக் சார். இது கையால செஞ்சது, பவர் அதிகம்லா."

எதிர்வீடு

எதிர்வீட்டில் ஆ சோங். சீனர், என்னைப் போல் கிழவர். முறைக்கிற முகம் தன் வாசலைப் பார்த்தால் கெட்டது உள்ளே வரும் என்பது அவர் நம்பிக்கை. எண்கோணக் கண்ணாடி ஒன்றை மாட்டி, வந்ததைத் திருப்பி அனுப்பினார். லெட்சுமி இன்னும் இரண்டு மிளகாய் கட்டினாள். ஆ சோங் போய் மண்டபச் செயலாளர் செல்வத்திடம் புகார் செய்தார். செல்வம் என்னை மண்டபத்துக்குக் கூப்பிட்டான். மற்ற பிள்ளைகளின் முகமூடிகள் மேசையில் பாதி காய்ந்து கிடந்தன.

"அவரு சமாதானம் ஆகலன்னா கிளாஸ் குளோஸ். மண்டபச் சாவியைக் குடுத்துடுங்க அண்ணே."

கவிதா தட்டிய கதவு

மேலே போய் முகமூடியைக் கழற்றினேன். லெட்சுமி கத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கவிதா அதைப் பறித்து முகத்தில் மாட்டிக்கொண்டு ஆ சோங் கதவைத் தட்டினாள். திறந்ததும் ஆட ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது சீனப் பெருநாள் சிங்க ஆட்டம்தான். தலையை உலுக்கி, குதித்து, உட்கார்ந்து. தொலைந்தது வகுப்பு என்று நினைத்தேன்.

கிழவர் உள்ளே ஓடினார். துடைப்பம் எடுக்கத்தான் என்று பிள்ளையை இழுத்தேன். சாமி மேசையிலிருந்த இரண்டு ஆரஞ்சுகளோடு வந்து அவள் கையில் வைத்தார். வாசல் தேடி வந்து சிங்கம் ஆடினால் சீனர்களுக்கு அதிர்ஷ்டமாம். செல்வத்திடம் அவரே பேசுவாராம். பிறகு என் பக்கம் திரும்பி, மலாயில் ஒரு பிடி பிடித்தார்.

"ஆடுற சாமானை எதுக்குய்யா தொங்கவிட்டே? சனிக்கிழமை எல்லாத்தையும் கூட்டிட்டு வா!"

வகுப்பு பிழைத்தது, இப்போது என் வேலையெல்லாம், எந்த மாடியில் எந்த வாசலில் முதலில் ஆடுவது என்று பெரியவர்கள் போடும் சண்டையை விலக்குவதுதான்.