கடலுக்குப் போகாத கரவன்

வைத்தியர்கள் கைவிட்ட பிறகு, கடலைப் பார்க்க வேணும் என்றாள் என் மனைவி. அவள் படுத்துக்கொண்டு வரட்டும் என்று, கட்டில் வைத்த இழுவண்டியான நண்பரின் பெரிய கரவனைக் காரின் பின்னால் கொழுவிக்கொண்டு ஹரோவிலிருந்து புறப்பட்டேன். அப்படி இழுத்துக்கொண்டு ஓடுவது எனக்குப் புதிது. கரவன் ஓடும்போது அதற்குள் ஆள் இருக்கக்கூடாது என்பதுகூடப் புறப்படும்போதுதான் தெரிந்தது. அதனால் அவள் காரிலேயே, வீதிப்படப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள்.

நோர்த் சேர்குலர் வீதியில் வாகனங்கள் நகரவேயில்லை. அவள் வலியில் சுருண்டாள்.

"ஏலாதப்பா. வீட்டை போவம்."

"கொஞ்சம் பொறும். நெரிசல் குறைஞ்சிடும்," என்றேன்.

"காணும். திருப்புங்கோ."

ரவுண்டபவுட்டில் திருப்பும்போது கரவன் வீதிக்குக் குறுக்கே நின்றுவிட்டது. சுற்றிலும் ஹோர்ன் சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு லொறிக்காரர் இறங்கி வந்தார். அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் நடுவீதியில் நின்று வாகனங்களை மறித்தார். கைகாட்டி, என்னைப் பின்னுக்கு எடுக்கவைத்து அனுப்பினார்.

அந்தக் கிழமையே அவள் போய்விட்டாள். கடலைக் காணவேயில்லை. அந்த நெரிசலில் ஒருவராவது எங்களைத் திட்டாமல் இறங்கி வந்தார் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.